கேம்ப்கிரவுண்ட் மெம்பர்ஷிப்: மூன்று வருஷம் கட்டியவன் சொல்கிறேன்

டெக்சஸ் இர்விங்கில் இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் 26 அடி ட்ராவல் ட்ரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு, வாங்கினார். சாவி கைக்கு வந்த மறுநாளே அவருக்கு ஒரு போன். இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்கும் பூங்காக்களுக்கான கேம்ப்கிரவுண்ட் மெம்பர்ஷிப், இந்த வாரத்துக்குள் முடிவு சொன்னால் பாதி விலையாம். "நீங்கதான் மூணு வருஷமா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" என்று கேட்டார். இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை.

வருஷக் கட்டணம் கட்டினால் அவர்கள் பூங்காக்களில் இரவு வாடகை கிடையாது, 14 நாள் தங்கினால் 7 நாள் வெளியே இருந்துவிட்டு வர வேண்டும், இதெல்லாம் அந்தப் போன்காரரே மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்பார். அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. முன்பதிவு செய்தால் பூங்காவுக்குள் நுழைய உரிமை உண்டு, ஆனால் இந்த எண் உள்ள சைட், அதாவது வண்டி நிறுத்தும் இடம், உங்களுக்கு என்று எதுவும் கிடையாது. உள்ளே போய் வண்டியை ஓட்டிக்கொண்டே காலியிடம் தேட வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலிடம்.

படிக்கும்போது சின்ன விஷயமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இரண்டாம் வருஷம் லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை) வார இறுதியின் வெள்ளிக்கிழமை, ஐந்து மணிக்கு ஆபீஸை விட்டு, ஐ-35 நெரிசலில் ஊர்ந்து, எட்டரைக்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்ல இருட்டு. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளும் பசியில் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருக்க, மனைவி டார்ச்சோடு முன்னால் நடக்க, நான் பின்னால் 26 அடியை இழுத்துக்கொண்டு ஐந்து மைல் வேகத்தில் சுற்றுகிறேன், கோயில் தேர் மாதிரி. 50 ஆம்பியர் இணைப்பும் சூவர் (கழிவுநீர்) குழாயும் இருக்கிற நல்ல சைட்டுகளில் எல்லாம் வருஷக் குத்தகைக்காரர்கள் மரத்தளம் போட்டு, பூந்தொட்டி வைத்து, குடும்பப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். மிச்சம் இருந்ததில் ஒரு இடம் காலி. ஆனால் நட்ட நடுவே ஒரு மடக்கு நாற்காலி, அதன் மேல் மஞ்சள் டவல். பக்கத்து வண்டிக்காரரிடம் கேட்டால், "என் மச்சான் வந்துட்டே இருக்கார்" என்றார். ஊரில் பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடித்தவன் நான். அதிலிருந்து தப்பித்து இத்தனை ஆயிரம் மைல் வந்து, வருஷத்துக்கு 650 டாலரும் கட்டி, மறுபடி ஒரு துண்டிடம் தோற்றேன். அந்த மச்சான் மறுநாள் மதியம் வரை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் கிடைத்தது ஒரு சரிவான மூலை. சக்கரத்துக்குக் கீழே மூன்று அடுக்கு பிளாக் வைத்தும் ஃப்ரிட்ஜ் கதவு தானாகத் திறந்தது. சூவர் கிடையாது, ஞாயிறு காலை கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனில் பதினோரு வண்டிக்குப் பின்னால் நின்றோம். கரண்ட் கம்பம் சாய்ந்து கிடந்தது. அதில் 30 ஆம்பியர் இணைப்புதான், அப்படியென்றால் 120 வோல்ட்டில் மொத்தமே 3,600 வாட்தான், ஏசி ஓடும்போது மைக்ரோவேவைத் தொட்டால் பிரேக்கர் விழும். அது பழகிவிட்டது. ஆனால் டெக்சஸ் வெயிலில் பூங்கா முழுக்க ஏசி போட்டால் பழைய ஒயரிங்கில் வோல்டேஜ் இறங்குமே, அதற்கு என்ன செய்வது? 104-க்குக் கீழே போனால் என் சர்ஜ் ப்ரொடெக்டர் ஏசியைக் காப்பாற்ற கரண்ட்டை வெட்டிவிடும். சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்தச் சின்னத் திரையில் 107, 105, 103 என்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில் போய்ச் சொன்னேன், அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், அவளிடம் ஒரு மின்விசிறிதான் இருந்தது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். முதல் வருஷம் 22 இரவு, அடுத்த வருஷம் 31. இரவுக்கு முறையே 30, 21 டாலர் ஆகிறது. தனியார் பூங்காக்களில் முழு ஹுக்கப்போடு (கரண்ட், தண்ணீர், சூவர் மூன்றும்) ஒரு இரவுக்கு 50, 60 என்று கேட்கிற காலத்தில் இது லாபம்தான், மறுக்கவில்லை. மூன்றாம் வருஷம் கட்டணத்தை 715 ஆக்கினார்கள், என்னிடம் கேட்காமலே கார்டில் எடுத்துக்கொண்டார்கள். பெரியவளுக்கு ஞாயிறு தமிழ்ப் பள்ளி, சின்னவனுக்கு சனிக்கிழமை நீச்சல். போனது 14 இரவு. கணக்குப் போட்டால் 51 டாலர்.

ஆனால் அந்த 31 இரவில் ஒன்பது இரவு அப்பாவோடு. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். முதல் நாள், "வீட்டை இழுத்துட்டு வந்து காட்டுல போட்டு, அதுக்குள்ள ஏசியப் போட்டுப் படுக்குறதுக்கு வாடகை வேறயால?" என்றார். அக்டோபர், வார நாட்கள், நான் அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தேன். வார நாளில் அதே பூங்கா வேறு பூங்கா. துண்டு இல்லை, நாற்காலி இல்லை, ஏரிக்கரையிலேயே சைட். நான்காம் நாள் காலை ஆறரைக்குப் பார்க்கிறேன், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மினசோட்டாக்காரர் ஒருவரின் நாயைப் பிடித்தபடி கரையில் நடக்கிறார். அந்த மனிதர் ஆங்கிலத்தில் மீன் பற்றிப் பேச, அப்பா தாமிரபரணியில் கெளுத்தி பிடித்த கதையைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்த மாதிரி தெரியவில்லை. ஒன்பதாம் நாள் கிளம்பும்போது, "இன்னும் அஞ்சு நாள் பாக்கி இருக்கே, ஏன் போணும்?" என்று கேட்டதும் அவர்தான்.

அந்த ஒன்பது நாளுக்காகவே வாங்கலாம் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் நண்பரே, நீங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் போகிறவர். உங்களுக்குக் கிடைக்கப் போவது என்னுடைய லேபர் டேதான். வருஷம் முழுக்க வண்டியிலேயே வாழ்கிற ஓய்வுபெற்றவர்களுக்கு இது நல்ல திட்டம், அவர்கள் செவ்வாய்க்கிழமை வந்து புதன்கிழமை நாற்காலி போடுகிறார்கள்.

உங்கள் மாமனார் கிரீன் கார்டு வைத்திருக்கிறார் அல்லவா? 62 வயது தாண்டியிருந்தால் 80 டாலருக்கு மத்திய அரசின் வாழ்நாள் சீனியர் பாஸ் எடுத்துக் கொடுங்கள். டெக்சஸ்-ஓக்லஹோமா எல்லையில் உள்ள லேக் டெக்சோமா ஏரியைச் சுற்றி ஆர்மி கோர் (ராணுவப் பொறியாளர் பிரிவு) நடத்தும் கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம், அவர் உங்களோடு வந்தால் போதும். மத்திய அரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன் டாட் கவ்வில் ஆறு மாதம் முன்பே, எண் போட்ட சைட்டாகவே பதிவு செய்யலாம். எண் போட்டது! அப்புறம் டெக்சஸ் மாநிலப் பூங்கா பாஸ் எடுத்தால், வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. சைட் வாடகை தனி. ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் என்ற திட்டத்தில் சேர்ந்த பண்ணைகளிலும் ஒரு இரவு நிறுத்தலாம், ஆனால் பெரும்பாலும் கரண்ட், தண்ணீர் இணைப்பு இருக்காது, மரியாதைக்கு அவர்களிடம் ஏதாவது வாங்க வேண்டும். குழந்தைகளோடு ஜூலையில் வேண்டாம்.

இன்னொன்று. தொண்ணூறு நிமிஷப் பேச்சைக் கேட்டால் கிஃப்ட் கார்டு என்று கூப்பிட்டால் போகாதீர்கள். நாங்கள் போனோம். இரண்டரை மணி நேரம், பல ஆயிரம் டாலரில் இன்னும் பெரிய மெம்பர்ஷிப்பை விற்கப் பார்க்கிறார்கள், எழுந்தால் மேனேஜர் வருகிறார். "ஏங்க, அந்த கார்டை நானே குடுத்துடறேன், வாங்க போலாம்" என்று மனைவி சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

ஆக, வாங்க வேண்டாம். நான்? ரத்துக் கடிதம் எழுதி ஒரு மாதமாக மேசையில் இருக்கிறது. அப்பா மார்ச்சில் வரலாமா என்று போனில் கேட்கிறார், அந்த நாய்க்காரர் இருப்பாரா என்றும் கேட்கிறார். இதையெல்லாம் மீறி நீங்களும் வாங்கினால், முதலில் இரண்டு மடக்கு நாற்காலி வாங்குங்கள். ஒரு டவலும்.