பழைய ரேடியோகிராமைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ரேடியோவின் வால்வுகள், அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்தில் ஒலியைப் பெருக்கிய கண்ணாடிக் குழாய்கள், ஒளிர்கின்றன என்பதை வைத்து, அந்த வால்வுகள் வழியாகத்தான் ஒலி வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே பெட்டியில் சேர்ந்த எங்கள் வீட்டு ரேடியோகிராமைச் 'சரிசெய்து' கொடுத்தவர் அந்த நம்பிக்கையை வைத்தே ஏமாற்றினார். இதே தொழிலை அவரைப் போல இன்னும் சிலர் செய்து வருவதாகக் கேள்விப்படுவதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

1960களில் என் தாத்தா வாங்கிய ஹெச்.எம்.வி. கருவி அது. தேக்குப் பலகை போர்த்திய பெட்டியின் ஒரு பக்கம் மத்திய அலையும் சிற்றலையும் எடுக்கும் ஆறு வால்வு ரேடியோ, மறுபக்கம் இசைத்தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் காரார்ட் நிறுவனத்தின் ரெக்கார்டு சேஞ்சர். சில காலமாக 'ம்ம்' என்று இரையும் ஹம் சத்தம் கூடி, ஒலி கரகரத்தது. பழைய கருவிகளைப் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, பட்டறைக்குக் கொண்டுபோனால்தான் முடியும் என்றார். 18,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு, 'ரேடியோகிராம் சர்வீஸ்' என்ற இரண்டே சொற்களோடு ஒரு ரசீதைக் கொடுத்துவிட்டுக் கருவியை ஏற்றிச் சென்றார்.

திரும்பி வந்தபோது பெட்டி கண்ணாடி போல மின்னியது. சுவிட்சைப் போட்டதும், அந்த நொடியே பாட்டு வந்தது. வால்வு கருவி எதுவும் அப்படிப் பாடாது; உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடேறி ஒலி எழ இருபது முப்பது நொடியாவது ஆகும். அடுத்து, வந்த நிலையம் 101.4 எஃப்.எம். எங்கள் கருவியில் எஃப்.எம். பட்டையே கிடையாது, சென்னையில் எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியதே 1977இல்தான். மத்திய அலையில் முள்ளை 720 கிலோஹெர்ட்சில் நிறுத்தினாலும் 936இல் நிறுத்தினாலும், சென்னையும் வரவில்லை, திருச்சியும் வரவில்லை. நிலையம் சரியாகப் பிடித்ததைக் காட்ட முன்பு பச்சையாக விரிந்து சுருங்கும் மேஜிக் ஐ என்ற வால்வு இருண்டு கிடந்தது. கேட்டதற்கு, "அது தேய்ஞ்சு போச்சு சார், எல்லா செட்லயும் அப்படித்தான்" என்றார். மேஜிக் ஐ நாளடைவில் மங்குவது உண்மைதான் என்பதால் இந்தப் பதிலைப் பலர் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அதன் பச்சைத் திரை ஒளிர உயர் மின்னழுத்தம் வேண்டும்; கருவிக்குள் அந்த மின்னழுத்தமே இல்லை என்பதுதான் அது இருண்டதற்கு உண்மையான காரணம்.

மின் இணைப்பைத் துண்டித்து, ஸ்பீக்கரை இயக்கும் இ.எல்.84 என்னும் அவுட்புட் வால்வைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பாட்டு நிற்கவில்லை. வால்வுகள் பொருத்திய உலோகத் தட்டான சேசிஸைப் புரட்டிப் பார்த்தபோது, அதன் அடியில் எஃப்.எம். வசதியோடு உள்ளங்கை அளவே உள்ள ஒரு மலிவான ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒட்டப்பட்டிருந்தது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. வெறும் 6.3 வோல்ட் தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, வால்வுகளின் ஹீட்டரை மட்டும் விளக்குப் போல எரியவைத்துக் கொண்டிருந்தது. நிலையம் மாற்றும் கேங் கண்டென்சருக்குச் செல்லும் கம்பிகள் வெட்டப்பட்டிருந்தன. முன்பே எடுத்திருந்த படங்களில் இருந்தவை இங்கிலாந்தின் முல்லார்ட் நிறுவன வால்வுகள். கண்ணாடியின் அடிப்பகுதியில், அந்நிறுவனத்தின் பிளாக்பர்ன் ஆலையைக் குறிக்கும் 'பி' எழுத்தில் தொடங்கும் குறியீடு தெளிவாகத் தெரியும். திரும்பி வந்தவற்றில் பெயரும் இல்லை, குறியீடும் இல்லை. பழைய முல்லார்ட் வால்வுகளை நல்ல விலைக்கு வாங்க ஆம்ப்ளிஃபயர் கட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், பட்டறைக்குக் கொண்டுபோக அவர் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மற்றது விளங்கும்.

எனக்கு மிகவும் வலிப்பது, அந்தக் கருவிக்கு வந்திருந்த நோய் மிகச் சாதாரணமானது என்பதே. ஹம் கூடினால் பெரும்பாலும் பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் காய்ந்திருக்கும். ஒலி கரகரத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, இ.எல்.84இன் உள்ளீட்டு முனையான கிரிட்டுக்கு ஒலியைக் கொண்டுசெல்லும் பழைய பேப்பர் கண்டென்சரை. அது கசிந்தால் அந்த வால்வின் இரண்டாம் காலான அந்தக் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் ஏறி, வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக்கும் 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சரும் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. வால்வு ரேடியோ அறிந்த ஒருவர் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு பகலில் முடிக்கக்கூடிய வேலை அது. பெட்டியின் மினுமினுப்பும் கேடுதான்: அரக்கில் செய்த பழைய பிரெஞ்சு பாலிஷைச் சுரண்டிவிட்டு, அதன் மேல் தடித்த வார்னிஷைப் பீய்ச்சியிருக்கிறார்.

உறுப்புகளைத் திருப்பிக் கேட்டபோது, "பழைய இரும்புக்குப் போட்டாச்சு சார், இப்ப யாரு மீடியம் வேவ் கேக்கறாங்க, ப்ளூடூத்தே போட்டுக் கொடுத்திருக்கேன்" என்றார். மீதிப் பணத்தை நான் தரவில்லை. முந்தைய படங்களையும் பிந்தைய படங்களையும் இணைத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இத்தகைய புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் வழிகேட்டுக் கொள்ளலாம்.

வேலையை வீட்டிலேயே செய்யச் சொல்லுங்கள். முடியாது என்றால், கருவி வாசலைத் தாண்டும் முன் சேசிஸின் மேலும் கீழும், ஒவ்வொரு வால்வின் எழுத்தும், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் தெரியும்படி படம் எடுங்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டென்சரில் 250 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் அடிப்பக்கத்தில் கை வைக்க வேண்டாம். வால்வுகளின் பெயரும் எண்ணிக்கையும் ரசீதில் இருக்கட்டும். கழற்றும் உறுப்புகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதிலேயே எழுதி வாங்குங்கள். கருவி திரும்பி வந்ததும் ஒலி தாமதித்து எழுகிறதா, மத்திய அலையில் நிலையம் பிடிக்கும்போது மேஜிக் ஐ அசைகிறதா, மின் இணைப்பைத் துண்டித்து அவுட்புட் வால்வைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டால் ஒலி அடங்குகிறதா என்று, கொண்டுவந்தவர் எதிரிலேயே பார்த்த பிறகு மீதிப் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.