டிராக் காருக்கு அட்வான்ஸ் போடும் முன் இதைப் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே (கட்டணம் கட்டி நம் சொந்தக் காரை டிராக்கில் ஓட்டும் நாள்) ஓட்ட வேண்டும், அதே காரில் திங்கட்கிழமை ஆபீசுக்கும் போக வேண்டும் என்ற ஆசையோடு சென்னையில் கடை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புறநகரில் உள்ள ஒரு மாடிஃபிகேஷன் கடை என் காரில் 4 லட்சத்துக்கு மேல் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டி, பழையதையும் போலியையும் மாட்டி அனுப்பியது. பணத்தில் ஏமாற்றியிருந்தால்கூட ஆறியிருப்பேன். பிரேக்கில் கை வைத்துவிட்டார்கள். வழக்கு நடப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. எந்த இடத்தில் எப்படிச் சுருட்டினார்கள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

கார், 2020-இல் வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். மியாட்டா, டொயோட்டா 86 மாதிரி எளிய ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. கோடீஸ்வரர் கார்களை விட்டால் நமக்கு இருப்பது இப்படிப்பட்ட ஹேட்ச்பேக்குகள்தான். போலோ விற்பனை 2022-இல் நின்றுபோனதால் பழைய சந்தையிலும் விலை இறங்கவில்லை. காருக்கு ஏறக்குறைய 7 லட்சம், வேலைக்கு 4 லட்சம், டயர், பிரேக் பேட், நுழைவுக் கட்டணம் என்று ஓட்டும் செலவுக்குத் தனியாக 1 லட்சம். இதுதான் என் பட்ஜெட்.

கடை கொடுத்த எஸ்டிமேட் பார்க்க அழகாகத்தான் இருந்தது. காயில்ஓவர் சஸ்பென்ஷன் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் செட்) 1.3 லட்சம். அலாய் வீலும் டயரும் 1.2 லட்சம். பக்கெட் சீட், ஹார்னஸ் (ரேஸ் கார்களில் போடும் பல முனை பெல்ட்) 70,000. பிரேக் பேட், ரேஸ் பிரேக் ஃப்ளூயிட், ஸ்டீல் ஹோஸ் (கம்பி வலை சுற்றிய பிரேக் குழாய்) எல்லாம் சேர்த்து 45,000. ஈசியு ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) 35,000. கூலி, அலைன்மென்ட் 25,000. மொத்தம் 4.25 லட்சம். பார்ட்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி 2.5 லட்சம் முன்பணம் கேட்டார்கள். கடையின் கணக்குக்கு அல்ல, உரிமையாளரின் சொந்த யுபிஐக்கு. "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் ப்ரோ எக்ஸ்ட்ரா" என்றார். சொன்ன தேதியை எல்லாம் தாண்டி கார் வந்தபோது மீதிப் பணத்தோடு இன்னும் 60,000 கேட்டார்கள். டாலர் ஏறிவிட்டதாம்.

வெளியே எடுத்துவந்த அன்று கார் அட்டகாசமாக இருந்தது. தாழ்வாக நின்றது, சீட்டில் உட்கார்ந்தால் பிடித்து வைத்தது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எல்லாம் பணம் போட்டிருந்தார்கள். இந்த வகைக் கடைகளை அடையாளம் காண இதுதான் முதல் குறி என்று இப்போது சொல்வேன்.

இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ரோட்டில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அங்கே ஒரு சுற்றில் பிரேக் படும் பாட்டைக் காட்ட முடியாது. முதல் செஷனில் சில சுற்றுகள் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. அடுத்த சுற்றில் ஸ்ட்ரெய்ட் முடிந்து மிதித்தபோது பெடல் தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை. கியரை இறக்கி, மண்ணில் விட்டு நிறுத்தினேன். ஆள் தப்பியதற்கு அங்கே இருந்த அகலமான மண் பகுதிதான் காரணம். இதே பழுது கோயம்பேடு மேம்பாலத்தில் இறங்கும்போது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைக்காரரை அழைத்தேன். "டிராக்ல அப்படித்தான் ப்ரோ ஃபேட் ஆகும், நீங்க பிரேக்கை ரொம்ப யூஸ் பண்றீங்க" என்றார். பிரேக்கை வேறு எதற்கு யூஸ் பண்ணுவார்களோ தெரியவில்லை.

காரை டோ செய்து, அம்பத்தூர் பக்கம் பல வருடமாக ரேஸ் கார்களுக்கு வேலை செய்யும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வீலைக் கழற்றி, காலிப்பரில் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஃப்ளூயிட்டை வெளியே விடும் பிளீட் நிப்பிளைத் திறந்தார். வந்தது கருத்த, பழைய ஆயில். மேலே ரிசர்வாயரில் மட்டும் பொன்னிறத்தில் புதிய ஃப்ளூயிட். மேலே இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி மூடியிருக்கிறார்கள். லைனிலும் காலிப்பரிலும் பழையதே.

இது ஏன் ஆபத்து என்றால், பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்தில் புதிய ஃப்ளூயிட்டின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரம் கேட்பது 155 டிகிரி மட்டும்தான். டிராக்குக்கென்று விற்கும் ஃப்ளூயிட்டுகள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டும். காலிப்பர் சூட்டில் பழைய ஃப்ளூயிட் கொதித்தால் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவி சுருங்கிவிடும். பெடல் தரைக்குப் போவது அதனால்தான். எனக்குப் போட்ட கணக்கில் அரை லிட்டர் பாட்டில் நான்கு. முழு சிஸ்டத்தையும் ஒழுங்காக மாற்றவே ஒரு லிட்டர் அளவு போதும் என்றார் மெக்கானிக்.

பேடைக் கழற்றி பின்பக்கத் தகட்டைத் துணியால் துடைத்தார். சிவப்புப் பெயிண்ட் கையோடு வந்தது. அடியில் சாதாரண மாற்றுப் பேடின் பார்ட் நம்பர். "தம்பி, இது ஊருக்குள்ள ஓட்டுற பேடு. மேல கலர் அடிச்சிருக்கான்" என்றார். ஸ்டீல் ஹோஸ் இன்னும் மோசம். பழைய ரப்பர் ஹோஸின் மேல் கம்பி வலை உறை ஒன்றை மாட்டி, இரண்டு முனையிலும் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். வீல் இடுக்கு வழியாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆக, 45,000 ரூபாயில் காருக்குள் உண்மையில் போனது கொஞ்சம் ஃப்ளூயிட்டும் ஒரு சாதாரண செட் பேடும்.

அதோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தோம். காயில்ஓவர் யாரோ ஓட்டிக் கழற்றியது. சீரியல் ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தார்கள், முன்பக்க டேம்பர் (ஷாக் அப்சார்பர்) ஒன்றில் ஆயில் கசிந்திருந்தது. டேம்பிங் மாற்றும் குமிழைத் திருப்பினால் ஒரு பக்கம் கிளிக் கேட்கிறது, இன்னொரு பக்கம் சும்மா சுற்றுகிறது. கூடவே கொடுத்த அலைன்மென்ட் பிரின்ட்டைப் பார்த்தால், மேலே இருப்பது என் வண்டி நம்பரே இல்லை. வேறு மாடல், வேறு நம்பர், தேதி மட்டும் பேனாவால் திருத்தியது. வேறு யாருடைய காரின் அளவையோ என் கையில் கொடுத்து அதற்கும் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

டயர் விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1417 என்றால் 2017-இன் 14-வது வாரம். முழு எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். என் காரில் நான்கு டயரிலும் அந்தப் பக்கம் உள்நோக்கி இருந்தது. காரை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது நான்கும் பல வருடம் பழையவை. திரெட் புதிதுதான், ரப்பர் கட்டையாகிவிட்டது. ஓடாமல் கோடவுனில் கிடந்த சரக்கு.

ரீமேப் பற்றி நீட்டவில்லை. என் காருக்கென்றே டைனோவில் (பவரை அளக்கும் மெஷின்) வைத்துச் செய்ததாகச் சொன்னார்கள், டைனோ சார்ட் கேட்டால் வரவில்லை. ஸ்கேனரில் லாக் எடுத்தால், சாதாரண பங்க் பெட்ரோலில் இன்ஜின் தட்டுகிறது, அதைத் தடுக்க ஈசியு இக்னிஷன் நேரத்தை விடாமல் தள்ளிப்போடுகிறது.  நம்முடையதைவிட அதிக ஆக்டேன் பெட்ரோல் (இன்ஜின் எளிதில் தட்டாத ரகம்) ஊற்றும் ஊர்களுக்காக எழுதிய ஃபைலை அப்படியே ஏற்றினால் இதுதான் நடக்கும். சர்வீஸ் சென்டரில் இதைக் கண்டுபிடித்தால் ஃபோக்ஸ்வேகன் குழுமம் அந்தக் காருக்கு டிடி1 என்று குறி போட்டுவிடும், இன்ஜின் வாரண்டி அதோடு சரி.

இனி 'ரோட்டுக்கும் லீகல்' என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்குச் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. "எல்லாத்தையும் ஆர்சில ஏத்திக் கொடுத்துடுவோம் ப்ரோ, ஆர்டிஓல நம்ம ஆள் இருக்காரு" என்றார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் அசல் அமைப்போடு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். மாட்டிக்கொள்வது ஆர்சியில் பெயர் இருப்பவர். கடைக்காரர் அந்த நேரத்தில் போன் எடுக்க மாட்டார்.

ஹார்னஸிலும் இதே கதை. அசல் மூன்று முனை பெல்ட்டைக் கழற்றி மூட்டை கட்டிப் பின்னால் போட்டுவிட்டார்கள். ரோட்டில் ஓட்டும் காரில் அது இருந்தே ஆக வேண்டும். மாட்டியிருந்த ஹார்னஸில் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) லேபிள் என்று ஒன்று இருந்தது. உண்மையான லேபிளில் தர எண்ணும் காலாவதி ஆண்டும் இருக்கும். இதில் ஆண்டே இல்லை, எழுத்துப் பிழைதான் இருந்தது. ரோல் கேஜும் (கார் உருண்டால் நசுங்காமல் இருக்க உள்ளே கட்டும் இரும்புக் கூண்டு) போடலாம் என்று வற்புறுத்தினார்கள், நான் வேண்டாம் என்றேன். ஹெல்மெட் போடாமல் ரோட்டில் ஓட்டும்போது தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது காப்பாற்றாது, மண்டையை உடைக்கும்.

இன்சூரன்ஸையும் நம்பாதீர்கள். தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற இடத்தைப் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று நேராகவே எழுதியிருக்கும். டிராக்கில் இடித்தால் செலவு உங்களுடையது. அதற்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும்.

அம்பத்தூர் மெக்கானிக் இப்போது காரைத் திரும்பக் கட்டித் தந்திருக்கிறார். அசல் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட், அசல் சீட், அசல் பெல்ட், அசல் ஈசியு ஃபைல். பணம் போனது நல்ல பேட், ஃப்ளூயிட், அசல் அளவிலேயே நல்ல டயர், ஒழுங்கான அலைன்மென்ட் ஆகியவற்றுக்கு மட்டும். கடை கேட்டதில் கால் பங்கு கூட ஆகவில்லை. டிராக்கில் பல சுற்று ஓடியும் பெடல் இறுகியே இருக்கிறது. பவரைத் தொடவே இல்லை, யாராவது முதல் சந்திப்பிலேயே ரீமேப் பற்றிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பழைய பார்ட்டையும் திருப்பிக் கேளுங்கள். புதியதை உங்கள் கண் முன்னால் பெட்டி பிரிக்கச் சொல்லுங்கள், சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். பிரேக் பிளீட் செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கடையில் போய்க் கேட்டபோது, "மார்க்கெட்ல இப்ப ஒரிஜினலே கிடைக்கிறதில்ல ப்ரோ" என்று உரிமையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதும் "பில் இருக்கா?" என்றார். பில் தராததே அவருக்கு எதிரான புள்ளி என்பது அவருக்குத் தெரியவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதும் முறையற்ற வணிகம். யுபிஐ ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப்பில் வந்த எஸ்டிமேட், மெக்கானிக் பிரித்தபோது எடுத்த வீடியோ, அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்ப்பதும் நல்லது, சில கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். என்னுடையது இறங்கி வரவில்லை.

சென்னைக் கடைகளில் காருக்கு வேலை செய்து வாங்கி வந்தவர்கள் கையில் இருக்கும் அலைன்மென்ட் பிரின்ட்டை எடுத்து, மேலே உள்ள வண்டி நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். ஒரே பிரின்ட் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று ஆணையத்தில் காட்ட வேண்டியிருக்கிறது.