நெல் ஆலைத் தராசும் லாராவெலின் 'சேஞ்ச்' கட்டளையும்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு, சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றின் கொள்வனவு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். அது பிஎச்பி மொழியின் இணையச் செயலிச் சட்டகமான லாராவெலில் எழுதப்பட்டது, தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக நெல் வரத் தொடங்கும் வரையான ஓய்வில், லாராவெலின் பத்தாம் பதிப்பிலிருந்து பதினோராம் பதிப்புக்கு மாறினேன். அதே காலத்தில் தரவுத்தள அட்டவணைகளில் மூன்று நிரல்களின் (column) தரவு வகையையும் மாற்ற வேண்டியிருந்தது: நிகர நிறையை முழு எண்ணிலிருந்து தசமத்துக்கும், அடையாள அட்டை இலக்கத்தைப் பத்து எழுத்திலிருந்து பன்னிரண்டுக்கும், தொலைபேசி இலக்கத்தை எண்ணிலிருந்து எழுத்துச்சரத்துக்கும். அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பை லாராவெலில் மைக்ரேஷன் என்பார்கள்; இருக்கும் நிரலை மாற்ற அதில் உள்ள கட்டளை 'சேஞ்ச்'. அந்த மூன்று மாற்றங்களின் அனுபவத்தைக் கொண்டே அந்த வசதியை இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் வெளிவந்த பதினோராம் பதிப்புக்கு முன்னர், இருக்கும் நிரலொன்றை மாற்றுவதென்றால் பொதுவாக டொக்ட்ரின் டிபிஏஎல் என்னும் வேறொரு பொதியையும் நிறுவியாக வேண்டும். அட்டவணையில் எங்காவது 'என்யூம்' வகை நிரல் (முன்கூட்டியே பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்பது) ஒன்று கிடந்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு நிரலைத் தொட்டாலும் அந்தப் பொதி பிழை காட்டி நின்றுவிடும். நெல்லின் இனத்தை 'என்யூம்' ஆக வைத்திருந்த எனக்கு இது பழகிப்போன தலைவலி. பதினோராம் பதிப்பில் அந்தப் பொதியே தேவையில்லை; நிரலை மாற்றும் கட்டளையை லாராவெல் தானாகவே எழுதிக்கொள்கிறது.

ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை இருக்கிறது. பழைய முறையில், வகையை மட்டும் மாற்றச் சொன்னால் நிரலின் மற்றப் பண்புகள் இருந்தபடியே இருந்தன. புதிய முறையில், 'நல்லபிள்' (வெறுமையாக விடலாம்), 'டிஃபோல்ட்' (இயல்பு மதிப்பு), 'அன்சைன்ட்' (எதிர்ம எண் இல்லை) போன்றவற்றில் எது தொடர வேண்டுமோ அதை மாற்றும் வரியிலேயே மீண்டும் எழுத வேண்டும், எழுதாதது நீங்கிவிடும். பதிப்பு மாறுவோருக்கான வழிகாட்டியில் இது தெளிவாகவே இருக்கிறது. அதைப் படிக்காதது என் தவறு.

ஆலையில் லொறி நெல்லோடு வந்ததும் முதல் நிறை பதியப்படும். நெல்லை இறக்கிய பின் வெறும் லொறியை நிறுத்தால்தான் நிகர நிறை தெரியும். அதுவரைக்கும் நிகர நிறை நிரலில் இயல்பு மதிப்பான பூச்சியம் இருக்கும். தசமத்துக்கு மாற்றியபோது அந்தப் பூச்சியத்தை நான் மீண்டும் எழுதவில்லை. என் சோதனைகளோ இரண்டு நிறைகளையும் ஒன்றாகவே பதிந்ததால் எல்லாம் தேறிவிட்டன. பெரும்போகத்தின் முதல் நாட்காலையில், முதல் லொறியின் பதிவே 'இயல்பு மதிப்பு இல்லை' என்ற பிழையோடு நிராகரிக்கப்பட்டது. வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசை கட்டி நிற்க, தராசுக்காரர் பேரேட்டுப் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினார். திருத்தம் ஒரே வரிதான், ஆனால் அதை நான் அனுப்பி முடிப்பதற்குள் அவர் இரண்டு பக்கங்களை நிரப்பியிருந்தார்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. மைக்ரேஷன் கோப்புகள் தரவுத்தளத்தின் வரலாறு என்பதே அவற்றின் பெருமை. இங்கோ ஈராண்டுக்கு முன் எழுதிய கோப்பொன்று, பத்தாம் பதிப்பில் ஓடினால் ஓர் அட்டவணையையும் பதினோராம் பதிப்பில் ஓடினால் சற்றே வேறான அட்டவணையையும் உருவாக்குகிறது. ஆலையில் இருக்கும் தரவுத்தளமும், புதிதாக என் மடிக்கணினியில் கட்டப்படும் தரவுத்தளமும் ஒன்றல்ல. பழைய கோப்புகளைத் திருத்துவது, அல்லது 'ஸ்கீமா டம்ப்' கட்டளையால் எல்லாவற்றையும் தரவுத்தளக் கட்டளை மொழியான எஸ்கியூஎல்லில் ஒரே கோப்பாகச் சுருக்குவது என இரு வழிகள் உண்டு. நான் இரண்டாவதைச் செய்தேன்.

அடையாள அட்டை இலக்கம் தொல்லை தரவில்லை. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்கள். விவசாயிகளில் பலரிடம் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையே இருப்பதால் எழுத்துச்சரம்தான் பொருத்தம். நிரலின் நீளத்தை இப்படிச் சிறிதளவு கூட்டும்போது மைஎஸ்கியூஎல் அட்டவணையைப் பிரதி எடுப்பதில்லை. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

தொலைபேசி இலக்கம் அப்படியல்ல. எண்ணாகச் சேமித்ததால் 065, 063, 067 எனத் தொடங்கியவற்றின் முன்பூச்சியம் எப்போதோ போய்விட்டது. எண்ணை எழுத்துச்சரமாக்கும்போது அட்டவணை முழுவதும் பிரதி எடுக்கப்படும், அதுவரை புதிய பதிவு எதுவும் நடவாது. ஆகவே ஆலை பூட்டிய இரவில் செய்தேன். வகை மாறியது, பூச்சியம் திரும்பவில்லை. ஒன்பது இலக்கம் உள்ளவற்றின் முன்னால் பூச்சியம் சேர்க்கும் வரியைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. எட்டு இலக்கமாக நின்ற சிலவற்றை ஆலைக்காரர்தான் ஆட்களைக் கேட்டுத் திருத்தினார்.

மைக்ரேஷனைப் பின்வாங்கும் 'ரோல்பேக்' பற்றி: கோப்பில் அதற்கென உள்ள 'டவுன்' பகுதியில் பழைய வகையை எழுதிவைத்தால் திரும்பிவிடலாம் என்ற தோற்றத்தை லாராவெல் தருகிறது. 1842.50 கிலோ முழு எண்ணுக்குத் திரும்பினால் 1843 ஆகிவிடும். தொலைபேசியின் பூச்சியம் மறுபடியும் போகும். ரூபி மொழியின் சட்டகமான ரெயில்ஸ் இவ்விடத்தில் நேர்மையானது: வகைமாற்றத்துக்கு மீளும் வழியை நாமே எழுதாவிட்டால் 'மீளமுடியாத மைக்ரேஷன்' என்று சொல்லி நின்றுவிடும். மைஎஸ்கியூஎல்லில் அட்டவணையை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் உடனே உறுதியாகிவிடுவதால், ஒரு கோப்பில் மூன்று மாற்றங்களை எழுதி மூன்றாவது தவறினால் முதலிரண்டும் அப்படியே நிற்கும். இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் என்றால் எல்லாம் சேர்ந்து பின்வாங்கும். ஆனால் அங்கே எழுத்துச்சரத்தை எண்ணாக்க, மாற்றும் முறையைச் சொல்லும் 'யூசிங்' பகுதி வேண்டும். பைதன் மொழியின் சட்டகமான ஜாங்கோ அதைத் தானே சேர்த்துக்கொள்கிறது. லாராவெலில் நேரடி எஸ்கியூஎல்லாக எழுதுகிறோம்.

இத்தனைக்கும் பிறகும் லாராவெலை விடப் போவதில்லை. கோப்புக்கு ஒரு மாற்றம் என்று பிரித்து எழுதுகிறேன், காப்புப் பிரதி எடுக்காமல் எதையும் தொடுவதில்லை. இந்த வசதியில் எனக்கு மிகவும் பிடித்தது 'பிரிடென்ட்' தெரிவுதான். மைக்ரேஷனை ஓட்டாமல், தரவுத்தளத்துக்குப் போகவிருக்கும் எஸ்கியூஎல்லை மட்டும் அது திரையில் காட்டும். அன்று அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால், 'நொட் நல்' (வெறுமையாக விடக்கூடாது) என்பதற்குப் பின்னால் இயல்பு மதிப்பு எதுவுமே இல்லாமல் நிகர நிறையின் வரி முடிவது என் கண்ணில் பட்டிருக்கும்.