ஏற்காட்டில் மூன்று நாள் சைக்கிளும் கூடாரமும்: நகரும் முகாமா, ஒரே முகாமா?

அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர், அவர்கள் வீட்டார், பிள்ளைகள் எனப் பதினான்கு பேர் சேர்வராயன் மலைக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். எந்தச் சைக்கிள், எந்தப் பாதை என்ற பேச்சுதான் முதலில் சூடு பிடிக்கும். ஆனால் பயணம் நன்றாக அமைவதும் பாழாவதும் கூடாரம் எங்கே என்பதைப் பொறுத்தே இருக்கிறது. அதை முதலில் முடிவு செய்தால் மற்றவை தானே வரிசைக்கு வந்துவிடும்.

வழி இரண்டு. சுமையைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு ஒவ்வொரு இரவும் வேறு இடத்தில் தங்குவது ஒன்று. ஏற்காட்டில் ஓர் இடத்தில் கூடாரம் போட்டு, தினமும் வெறும் கையோடு சுற்றிவிட்டுத் திரும்புவது மற்றொன்று.

நகரும் முகாமில் ஒரு சைக்கிளுக்கு 12 முதல் 15 கிலோ சுமை ஏறும். பனியிலோ தூறலிலோ நனைந்த கூடாரத்தை உலர்த்த நேரமிருக்காது. அப்படியே சுருட்டினால் இன்னும் ஒரு கிலோ கூடும், மறு இரவு உள்ளே ஈர வாடை அடிக்கும். பிள்ளைகளோடு காலைக்கடன், சமையல், மூட்டை கட்டுதல் எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் வெயில் ஏறிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் இடம். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றம். 2018 மார்ச் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகளும் இறுகிவிட்டன. காப்புக்காடு போக மீதி பெரும்பாலும் தனியார் காப்பித் தோட்டங்கள். ஒரு தோட்டக்காரரிடம் அனுமதி வாங்குவதே ஒரு வேலை என்றால், இரண்டு இரவுக்கு இரண்டு பேரிடம் அலைய வேண்டும். நாலைந்து பேர், எல்லோரும் மிதிப்பவர்கள் என்றால் நகரும் முகாமுக்குத் தனிச் சுகம் உண்டு. குடும்பத்தோடு போகும்போது அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒரே முகாமுக்கு ஒரு குட்டியானை சரக்கு வண்டி போதும். சைக்கிள்களை ஹேண்டில்பார் மாற்றி மாற்றி நிறுத்தினால் ஆறு முதல் எட்டு வரை கொள்ளும். இடையில் சாக்கு அல்லது பழைய போர்வை வேண்டும். சக்கரத்தின் நடுவில் பிரேக் கவ்வும் டிஸ்க் தட்டின் மீது எந்தச் சைக்கிளின் பெடலும் சாயக் கூடாது. தட்டு ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலே பயணம் முழுக்க உரசும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றினால், தட்டை இருபுறமும் கவ்வும் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். யாராவது தெரியாமல் பிரேக்கை அழுத்திவிட்டால் பேடுகளைத் தள்ளும் பிஸ்டன்கள் ஒட்டிக்கொண்டு, சக்கரம் திரும்ப ஏறாது.

தண்ணீர்க் கணக்கு: குடிக்கவும் சமைக்கவும் பதினான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் நான்கு. மிதிப்பவர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் குடிப்பார், அதுவும் இதற்குள் அடக்கம். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப், தட்டு, பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் தட்டு, டம்ளர் எடுத்துச் செல்லுங்கள்.

ஏறும் பாதை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு சாலைகள். கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது பிரதான சாலை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர், கொட்டச்சேடு வழியாக வருவது மற்றது. இரண்டிலும் ஏறும் உயரம் ஆயிரம் மீட்டருக்குக் குறையாது. அடிவாரச் சாலையில் சராசரி ஏற்றம் 5 சதவீதம்தான், மூச்சு வாங்குவது வளைவுகளில்தான். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பு செங்குத்தாக இருக்கும், அதை ஒட்டி ஏறினால் சைக்கிள் நின்றுவிடும். சற்று வெளியே தள்ளி ஏறலாம். ஆனால் பின்னால் பஸ் வருகிறதா என்று முதலில் திரும்பிப் பாருங்கள், ஏனென்றால் வளைவில் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் தேவை.

குப்பனூர் சாலையில் வண்டிகள் குறைவு, கொண்டை ஊசியும் குறைவு. பெங்களூரு கார்கள் வரிசை கட்டும் சனிக்கிழமை காலையில் ஏறுவதாக இருந்தால் குப்பனூர்தான் சரி. வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்ப முடிந்தால் அடிவாரமே மேல்: வளைவுக்கு எண் இருப்பதால் பின்தங்கியவர் எங்கே நிற்கிறார் என்று போனில் சொல்லிவிடலாம். கூட்டமாகப் போகும்போது இது பெரிய வசதி. கோடை விழா நாட்களில் ஒரு சாலையை ஏறவும் மற்றதை இறங்கவும் என்று ஒருவழியாக்குவது உண்டு. புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாடகைச் சைக்கிளா, சொந்தமா?

கேட்க வேண்டியது கியரை. பழைய 21 கியர் சைக்கிளில் முன்பல் 28, பின்பல் 28 (முன், பின் பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை) என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. 26 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் போயாக வேண்டும். முன்பல் 32, பின்பல் 51 உள்ள 29 அங்குலச் சைக்கிளில் அதே மிதிக்கு ஐந்தேகால் கிலோமீட்டர் போதும். நேர் ஏற்றத்தில் வித்தியாசம் தெரியாது. கொண்டை ஊசியில் ஒருவர் மிதிக்க, மற்றவர் தள்ளிக்கொண்டு நடப்பார். வாடகைச் சைக்கிளானால் முன்பல் 22 அல்லது 24 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். டயரில் டியூப் இருந்தால் தார்ச்சாலையில் காற்றழுத்தம் 38 பி.எஸ்.ஐ, தோட்டத்து மண்பாதையில் 30 வைக்கலாம். 25-க்குக் கீழே போனால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஆளுக்கு இரண்டு டியூப்.

இறக்கம்

இதில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 880 கிலோஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது தாராளமாகப் போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குபவருக்குக் காற்றின் உதவி குறைவு. பெரும்பங்கு பிரேக்கில்தான் இறங்கும்.

ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கில் அந்தச் சூடு டயருக்குப் போகும். டியூப் வெடிப்பது அப்படித்தான். கம்பி இழுக்கும் கேபிள் டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய லீவர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். லீவர் பக்கத்துத் திருகைக் கையாலேயே கால் சுற்று, அரைச் சுற்று முறுக்கினால் சரியாகும். ஹைட்ராலிக்கில் கொஞ்சமும் முன்னறிவிப்பு இல்லாமல் லீவர் கைப்பிடி வரை போனால், எண்ணெய் கொதிக்கிறது அல்லது குழாயில் காற்று இருக்கிறது. நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான தட்டு கோணிவிடும். ஆறிய பிறகும் லீவர் தளர்வாகவே இருந்தால் அந்தச் சைக்கிள் வண்டியில்தான் இறங்க வேண்டும்.

வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குப் பின் முழுதும் விட்டுவிடுவதே முறை. விட்ட நேரத்தில்தான் தட்டு ஆறும். வளைவு குறைவான குப்பனூர் சாலையில் வேகம் சட்டென்று கூடிவிடுவதால், புதியவர்களுக்கு அடிவாரப் பாதையே இறங்கப் பாதுகாப்பானது என்பது எங்கள் எண்ணம். ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதையும் மறக்கக் கூடாது.

முகாமில்

சில்வர் ஓக் மரத்தடியில் கூடாரம் போடாதீர்கள். காற்றில் காய்ந்த கிளை விழும். மார்கழி, தை இரவுகளில் குளிர் 12, 13 டிகிரிக்கு இறங்கும். போர்வையைவிட அடியில் விரிக்கும் ஃபோம் விரிப்புதான் குளிரைத் தடுக்கும். விறகுத் தீ வேண்டாம், கேஸ் அடுப்பு போதும். பழத்தோலும் மிச்சச் சோறும் வெளியே கிடந்தால் பகலில் குரங்கு வரும், இரவில் காட்டெருமை வரும். மழைக்காலத்தில் அட்டைப்பூச்சிக்கு உப்பு மூட்டை. நவம்பர் முதல் தை வரை காப்பி அறுவடை. தோட்டத்துப் பாதையில் டிராக்டரும் ஆட்களும் இருப்பார்கள், காலை எட்டுக்கு முன்பே சுற்றி முடியுங்கள்.

இரண்டாம் நாள் பெரியவர்களுக்கு ஏரியிலிருந்து தோட்டங்களைச் சுற்றி வரும் 32 கி.மீ. லூப் ரோடு. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஏரிப் பக்கம் போதும், மலைப்பாதை வேண்டவே வேண்டாம். அன்று மாலை எல்லாச் சைக்கிளிலும் பேடைக் கழற்றிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், கண்ணாடி போல் வழுக்கினால் உப்புக்காகிதத்தில் நன்றாகத் தேய்த்துப் போடுங்கள். பேட் தேய்ந்தும் மாற்றுப் பேட் இல்லாத சைக்கிள்கள் மூன்றாம் நாள் காலை குட்டியானையில் ஏறட்டும்.