அகஸ்டஸ் காசா, டைபீரியஸ் காசா?
கோயம்புத்தூர் பக்கம் புதையல்ல கிடைச்ச டெனாரியஸ்ங்கிற ரோமன் வெள்ளிக் காசுல, அகஸ்டஸ், அவருக்கு அப்புறம் வந்த டைபீரியஸ்னு ரெண்டு ரோமப் பேரரசர்களோட இந்த ரெண்டு டைப்தான் ஜாஸ்தி, ரெண்டுமே இப்போ பிரான்ஸ்ல லியோன்னு சொல்ற ஊர்ல அடிச்சது.

என் ஓட்டு அகஸ்டஸ் காசுக்குத்தான். பின்பக்கம் அவரோட பேரப்பசங்க காயஸ், லூசியஸ் ரெண்டு பேரும் டோகாங்கிற ரோமன் மேலாடை போட்டு நிக்கிறாங்க, நடுவுல கேடயமும் ஈட்டியும், அது குதிரைப்படை வகுப்புக்காரங்க "இளைஞர் தலைவர்"னு பட்டம் குடுத்தப்போ சேர்த்துக் குடுத்த பரிசு, அதுக்கு மேல பார்த்தா ஒரு கரண்டி, ஒரு வளைஞ்ச கோல் இருக்கும், கரண்டி காயஸோட பூசாரிப் பதவிக்கு, கோல் லூசியஸ் சகுனம் பார்க்குற பதவிக்கு. மொத்தத்துல அடுத்த வாரிசு இவங்கதான்னு போஸ்டர் ஒட்டின மாதிரி. பாவம், லூசியஸ் கி.பி. 2ல, காயஸ் 4ல போயிட்டாங்க.

அதனால சீட் கிடைச்சது டைபீரியஸுக்கு. அவர் காசுல செங்கோலும் கிளையும் பிடிச்சு ஒரு அம்மா உக்காந்திருக்காங்க, அமைதி தேவதைங்கிறாங்க, சிலர் அவரோட அம்மா லிவியாங்கிறாங்க. நீட்டா இருக்கும், ஆனா 23 வருஷ ஆட்சில வெள்ளியில பெரும்பாலும் இதே டிசைன்தான், போரடிக்காதா?