குன்னூர் கம்பெனியா, ஊட்டி சீனியர் ஆபீஸா? சட்டம் படித்தவரின் முதல் ஒரு வருடம்

கோவையில் சட்டப் படிப்பின் கடைசி செமஸ்டரை எழுதிய கையோடு, 2025 ஜூனில் குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் சட்டப் பிரிவில் ஒரு வருட இன்டர்னாகச் சேர்ந்தேன். அதே சமயத்தில் ஊட்டியில் ஒரு சீனியர் வக்கீலும், "என்ரோல் பண்ணிட்டு வாம்மா, ஒரு மேஜை காலியாத்தான் இருக்கு" என்று கூப்பிட்டிருந்தார். என்ரோல் என்றால் பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்துகொள்வது. இப்போது கோத்தகிரி, கூடலூர் பக்கத்திலிருந்து சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் எது நல்லது என்று கேட்கிறார்கள். நான் கம்பெனிப் பக்கம் சாய்ந்தவள். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கம்பெனியில் மாதம் பிறந்தால் உதவித்தொகை வந்துவிடும், பெரிய தொகை இல்லை. ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. கையில் எவ்வளவு வரும் என்பது இன்னமும் சீனியரைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நேரத்தைப் பார்த்தால், கம்பெனியில் ஐந்தரைக்குக் கிளம்பிவிடலாம். சீனியர் ஆபீஸில் வேலையே கோர்ட் முடிந்து சாயங்காலம்தான் சூடு பிடிக்கும், கோத்தகிரிக்குக் கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே வழக்குக் கட்டு பிரிக்க வேண்டும். பெண்கள் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பெண் வக்கீல்களின் கழிப்பறைப் பிரச்சினை 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

சரி, இதையெல்லாம் வைத்து யாரும் முடிவெடுக்கப் போவதில்லை. என்னை முடிவெடுக்க வைத்தது அந்த "ஒரு வருடம்"தான்.

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் குறைந்தபட்சம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்தைத் தாண்டக் கூடாது. ஆக, படிக்கும்போது எங்கேயும் ஒரு வருடம் உட்கார வழியில்லை. கடைசித் தேர்வுக்கும் என்ரோல்மென்ட்டுக்கும் நடுவில் நாமாக ஏற்படுத்திக்கொண்டால்தான் உண்டு. நான்கு வாரத்தில் ஒரு கோப்பின் நடுப்பக்கம்தான் கண்ணில் படும். வரும்போது அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், கிளம்பும்போது அடுத்த வாய்தாவுக்குப் போயிருக்கும். நாம் எழுதியதை வைத்து என்ன நடந்தது என்று தெரியவே தெரியாது.

கம்பெனியில் நான் எழுதியது என்னிடமே திரும்பி வந்தது. ஓர் உதாரணம், ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். ஓய்வு பெற்ற கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரின் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் ஓர் எழுத்து மாறி, ஆதாரில் அப்பா பெயரும் சேர்ந்து. கணக்கு என்னவோ எளிதுதான்: கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை எத்தனை வருடம் வேலை செய்தாரோ அத்தனையால் பெருக்க வேண்டும். சண்டை அந்த "எத்தனை வருடம்" என்பதில்தான். நடுவில் விட்டுவிட்டு வந்த வருடங்களில் 240 நாள் வேலை தேறுகிறதா என்று பழைய செக்ரோலை, அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டை எடுத்து, எஸ்டேட் ரைட்டரோடு (கணக்கெழுதுபவர்) உட்கார்ந்து எண்ணினோம். கரையான் அரித்த பக்கங்களில் அவர் விரல் வைத்துப் படிக்க, நான் குறித்துக்கொள்வேன்.

ஜூலையில் தொழிற்சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பதில் வரைவை நான் எழுதினேன். "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று மரியாதைக்கு ஒரு வரி போட்டிருந்தேன். மேலாளர் அதை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், காரணம் சொல்லவில்லை. டிசம்பரில் அதே கடிதம், வட்டி கேட்டுப் போட்ட மனுவின் இணைப்பாக வந்து என் மேஜையில் விழுந்தது. கிராஜுவிட்டி சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வட்டி ஏறும். தாமதம் தொழிலாளியின் பக்கத்தால் வந்தது என்றால்தான் அதிலிருந்து தப்பலாம், அதற்கும் கிராஜுவிட்டி விஷயத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அந்த வரி இருந்திருந்தால் நிர்வாகமே தாமதத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகியிருக்கும். கடைசியில் அசலும் வட்டியில் ஒரு பகுதியும் என்று சமரசத்தில் முடிந்தது. கடிதத்துக்கும் மனுவுக்கும் நடுவே இருந்த அந்த ஐந்து மாதம்தான் நான் கற்றுக்கொண்ட வரைவுப் பாடம். ஜூலையோடு நான் கிளம்பியிருந்தால் அது கிடைத்திருக்காது.

செக் பவுன்ஸ் விஷயத்திலும் அப்படித்தான். செக் திரும்பியதாக வங்கியின் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பணம் கட்ட 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். கம்பெனியில் மெமோ வரும் அன்றே நமக்குத் தெரியும். வக்கீல் ஆபீஸுக்கு அது பெரும்பாலும் இருபத்தைந்தாவது நாளில், வேர்க்க விறுவிறுக்க வரும். தீபாவளிக்கு முன்னால் 8.33 சதவீதத்துக்கும் 20க்கும் நடுவில் போனஸ் பேச்சு நடப்பதும், 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பார்த்து எழுதிவந்த பதிவேடுகளை எல்லாம் நாங்கள் திரும்ப எடுத்துப் பார்த்ததும் அதே வருடத்தில்தான்.

இனி சீனியர் ஆபீஸ். அங்கே நான் இருந்தது விடுமுறையில் வந்த நான்கு வாரம் மட்டுமே, அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு வாரத்தில் பார்த்தவரை, மனிதர்கள் எதிரில் வந்து உட்காருவது அங்கேதான். கம்பெனியில் அந்தக் கொழுந்து பறிக்கும் அம்மாவை நான் ஒரே ஒரு தடவை, அதுவும் மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் பார்த்தேன். அது அப்போதும் உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. ஒரே பக்கத்தில் நின்று ஒரு வருடம் பழகுவது மூளைக்கு நல்லதா என்று கேட்டால், பாதி நல்லது.

நில வழக்கு பழக வேண்டும் என்றால் சீனியர் ஆபீஸ்தான், சந்தேகமே வேண்டாம். அரசியலமைப்புச் சட்ட வகுப்பில் ஐ.ஆர். கோயல்ஹோ வழக்கைப் படித்திருப்பீர்கள், ஒன்பது நீதிபதிகள், 2007. அது 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜன்மம் நில (பழைய பரம்பரை நில உரிமை) ஒழிப்புச் சட்டத்திலிருந்து கிளம்பியது. காட்டுச் சட்டம் என்றாலே முதலில் வரும் கோதவர்மன் வழக்கும் கூடலூர்க் காடுகள் பற்றிய மனுதான். நாடு முழுக்கப் பாடமாக நடத்துகிறார்கள், இங்கே அந்த ஜன்மம் சட்டத்தின் பிரிவு 17இல் வரும் நிலத்தில் பட்டா இல்லாமல் இருப்பவர்கள் இன்னமும் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு வக்கீல் வாசலில் நிற்கிறார்கள். கம்பெனியில் நில ஆவணப் பீரோவின் சாவியை இன்டர்ன் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

நீதிபதித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், இதுவரை நான் சொன்னதை எல்லாம் ஒதுக்கிவிட்டு நேராக என்ரோல் பண்ணுங்கள். சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வக்கீல் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று சொல்லிவிட்டது, அது தற்காலிக என்ரோல்மென்ட் (பார் தேர்வுக்கு முன் கிடைக்கும் பதிவு) நாளிலிருந்து எண்ணப்படும். கம்பெனி வருடம் அந்தக் கணக்கில் சேராது. என்ரோல் பண்ணிவிட்டு முழுநேரச் சம்பளத்துக்குக் கம்பெனியில் சேரலாமே என்றால், பார் கவுன்சில் விதி 49 குறுக்கே நிற்கும், வக்கீல் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். என்ரோல்மென்ட் கட்டணமும் இப்போது சாக்கு இல்லை. 2024இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125.

எனக்கு நீதிபதித் தேர்வு எண்ணம் இல்லை, தொழிலாளர் சட்டம்தான் வேண்டும். அதனால் ஒரு வருடம் தள்ளிப்போனது எனக்குக் கட்டுப்படியானது. வருகிற மாதம் என்ரோல் பண்ணுகிறேன், ஊட்டியில் அந்த மேஜை இன்னும் காலியாக இருக்கிறதாம்.

கம்பெனிக்குத்தான் போகிறீர்கள் என்றால் சேர்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். நீங்கள் யாருக்குக் கீழே வேலை செய்வீர்கள். அவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டும், மனிதவள அதிகாரியாக இருந்தால் வருடம் முழுக்க வருகைப் பதிவேடுதான். தொழிலாளர் அதிகாரி முன் நடக்கும் சமரசப் பேச்சுக்கு உங்களை உட்கார விடுவார்களா. அப்புறம், முடிக்கும்போது தரும் சான்றிதழில் என்னென்ன வகை வேலை செய்தீர்கள் என்று விவரமாகப் போடுவார்களா. எழுதிய வரைவுகள் கம்பெனிக்குச் சொந்தம், வெளியே எடுத்துப் போய் யாரிடமும் காட்ட முடியாது. அடுத்த இடத்தில் காட்டுவதற்கு உங்களிடம் மிஞ்சப் போவது அந்த ஒரு பக்கம்தான்.