கொரில்லா பெர்மிட் என்று சொல்லி 2,400 டாலர் பறித்துவிட்டார்கள். பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

நான்கு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. உகாண்டாவின் புவிண்டி காட்டில் மலைக் கொரில்லாக்களைப் படமெடுக்க, இரண்டு பேருக்குப் பெர்மிட் வாங்கித் தருவதாக ஒரு டூர் ஏஜென்சி 2,400 டாலர் வாங்கியது. நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். பெர்மிட் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை. இன்ஸ்டாகிராமில் படம் காட்டி, வாட்ஸ்அப்பிலேயே பேரம் முடிக்கிற வகை. ஆபீஸ் உகாண்டா தலைநகர் கம்பாலாவில் என்பார்கள்.

விற்ற சரக்கின் பெயர் ‘ஃபோட்டோகிராஃபர் பெர்மிட்’. ஆளுக்கு 1,200 டாலர். குழுவில் எட்டுப் பேருக்குப் பதில் நான்கு பேர்தான், ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம். அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது! சுற்றுலாப் பயணி புவிண்டியில் கொரில்லா பார்க்க உகாண்டா வனவிலங்கு ஆணையம் தருவது இரண்டு வகை. ஒன்று சாதாரண ட்ரெக்கிங்: வெளிநாட்டவருக்கு 2024 ஜூலையிலிருந்து 800 டாலர், ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க எட்டுப் பேர், கொரில்லாவைக் கண்ட நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். இன்னொன்று, மனிதரோடு இன்னும் முழுதாகப் பழகாத குடும்பத்தோடு நான்கு மணி நேரம், நான்கே பேர், 1,800 டாலர், அதுவும் காட்டின் ருஷாகா பக்கத்தில். 1,200 என்ற தொகையை இந்த இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஓரளவு விவரம் தெரிந்தவருக்கும் அது நியாயமாகப் படும். வணிகப் படப்பிடிப்புக்கான அனுமதி தனி, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். ஏஜென்சியிலிருந்து பேசியவனுக்குத் தொழில் தெரிந்திருந்தது. காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, 70-200 எஃப்/2.8 ஜூம் லென்ஸ் போதும், 600 எம்.எம். பெரிய லென்ஸைத் தூக்கி வராதீர்கள் என்றான். சரிதான், பல நேரம் கொரில்லா பத்து மீட்டரில் நிற்கும், பெரிய லென்ஸில் முகம் ஃப்ரேமுக்குள் அடங்காது. கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200-லிருந்து 6400 வரை கூட்ட வேண்டியிருக்கும் என்றான், அதுவும் சரி. கறுப்பு ரோமத்தைக் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதி) வரை குறைத்து வையுங்கள் என்றான். ஃபிளாஷ் கூடாது, சளி காய்ச்சல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே சொன்னான். ஒன்றில்கூடப் பிழை இல்லை. அதற்குப் பிறகுதான், “அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, இலை மறைப்பிலும் மற்றவர்கள் முதுகிலும் போய்விடும் சார், உங்களுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும்” என்றான். இதுவும் படமெடுப்பவர் எல்லோருக்கும் தெரிந்த குறைதான். அந்த இடத்தில் பணம் கைமாறியது. 2,400 டாலர், ஒரே தவணையில், ஒரு தனிநபர் பெயரிலிருந்த கணக்குக்கு.

இரண்டு நாளில் பி.டி.எஃப். வந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, முத்திரை எல்லாம் இருந்தன. பகுதி: ருஷாகா. அதன் கீழே ஹபின்யான்ஜா கொரில்லாக் குடும்பம் என்று போட்டிருந்தது. அங்கேயே பிடித்திருக்க வேண்டும். ஹபின்யான்ஜா, அதே காட்டின் இன்னொரு பகுதியான புஹோமா பக்கத்துக் குடும்பம். புஹோமாவுக்கும் ருஷாகாவுக்கும் மலைச்சாலையில் மூன்று நான்கு மணி நேரம். அது போக, எந்தக் குழு எந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போகிறது என்பதை பெரும்பாலும் அன்று காலை பிரீஃபிங்கில் ரேஞ்சர்கள்தான் பிரிப்பார்கள். குடும்பத்தை முன்கூட்டியே உறுதி செய்கிறவனைச் சந்தேகியுங்கள்.

காலை ஏழரைக்கு ருஷாகா கேட்டில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பட்டியலைப் பார்த்தார்கள். பெயர் இல்லை. ரேஞ்சர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், இரண்டாம் முறையும் தேடிப் பார்த்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன் என்பதால் அன்றைக்கு ஒரு இடம்கூடக் காலியில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், “சிஸ்டம் அப்டேட் ஆகவில்லை, காத்திருங்கள்.” பத்து மணிக்கு, “அது வேறு பட்டியல், கேட்டில் இருப்பவருக்குத் தெரியாது.” எட்டுப் பேர் கொண்ட குழுக்கள் எல்லாம் காட்டுக்குள் போய்விட்ட பிறகு, “கிபாலே காட்டில் சிம்பன்சி பார்க்க ஏற்பாடு செய்கிறேன், ஆளுக்கு 250 டாலர் மட்டும் அனுப்புங்கள்.” 2,400 டாலரை விழுங்கிவிட்டு மேலும் 500 கேட்கிறான்! மறுநாள், “ரீஃபண்டுக்கு 14 வேலை நாள் ஆகும்.” அதற்கு மறுநாள் ப்ரொஃபைல் படம் மறைந்தது. இப்போது எந்த மெசேஜுக்கும் ஒற்றை டிக்தான்.

விமானம், லாட்ஜ், கம்பாலாவிலிருந்து ஒன்பது மணி நேரக் கார்ப் பயணம், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்ட மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லாம் வேறு. அவற்றை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

விரிவான வழிகாட்டியே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது:

பெர்மிட் கைக்கு வந்த அன்றே கம்பாலாவிலுள்ள ஆணையத்தின் முன்பதிவு அலுவலகத்தில் பாஸ்போர்ட் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுங்கள்.

ஏஜென்சி உகாண்டா டூர் ஆபரேட்டர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பெர்மிட்டில் எழுதியிருக்கும் பகுதியும் லாட்ஜ் இருக்கும் பகுதியும் ஒன்றுதானா என்று வரைபடத்தில் பாருங்கள். புஹோமா, ருஹிஜா, ருஷாகா, நுகுரிங்கோ நான்கும் ஒரே காடுதான், ஆனால் காலையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓட முடியாது. உண்மையான பெர்மிட் வைத்திருப்பவர்கள்கூட இதில் ட்ரெக்கைக் கோட்டைவிடுகிறார்கள்.

‘இரண்டு மணி நேரம், நான்கு பேர், 1,200 டாலர்’ என்று யாராவது பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். செப்டம்பர் பயணத்துக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியிருப்பவர்கள், தயவுசெய்து நாளைக்கென்று தள்ளாமல் இன்றே ஆணையத்துக்குப் போன் போடுங்கள்.